ஊருணியைத் தோண்டியதும், தோண்டியதை மூடியதும்

எங்கள் ஊர் ஊருணிக்காக, அதாவது மழைநீர் தேங்கும் பொதுக் குளத்துக்காக, என் சேமிப்பிலிருந்தும், உறவினர் சிலர் அனுப்பியதிலிருந்தும் செலவான தொகை ஏழு லட்சத்தைத் தாண்டும். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பணம், தோண்டியதை மறுபடியும் மூடுவதற்கே போனது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு, தங்கள் ஊரிலும் தூர்வாரிய ஊருணியில் தை மாதத்துக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை என்று அவர்களே சொல்லத் தொடங்குகிறார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணத்தில் ஊருணிக்குப் பணம் அனுப்புகிறவர்கள் செட்டிநாட்டில் நிறையப் பேர் உண்டு. அவர்களில் யாராவது ஒருவர் பொக்லைனை வரவழைப்பதற்கு முன் இதைப் படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் திருப்பத்தூருக்கும் இடையில் இருக்கிறது. வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று 2021-இல் பூர்வீக வீட்டுக்குக் குடிவந்தபோது ஊருணி இருந்த இடத்தில் சீமைக்கருவேலங்காடுதான் இருந்தது. படித்துறைக் கற்கள் மட்டும் ஓரமாகத் தெரிந்தன. சிறு வயதில் அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்தோம். குடிக்கிற ஊருணியில் யாரும் காலை நனைக்க மாட்டார்கள். குளிக்கவும் துவைக்கவும் வேறு ஊருணி இருந்தது. அப்பத்தா கொண்டுவந்த தண்ணீர் மழைக்காலத்தில் கலங்கி, தேநீர் நிறத்தில் இருக்கும். மண்பானையின் உட்புறச் சொரசொரப்பில் தேற்றாங்கொட்டையைச் சிறிது நேரம் உரைத்துவிட்டு, வெள்ளைத் துணியில் வடிகட்டிய தண்ணீரை ஊற்றி வைப்பார். காலையில் அடியில் மஞ்சளாக ஒரு படிவு இருக்கும். மேலே பானையின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்திருக்கும். ஆழ்துளைக் கிணறும் காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயும் வந்த பிறகு அந்தத் தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை. தேவைப்படாத நீர்நிலையை யாரும் காவல் காப்பதில்லை என்பதால், கருவேலம் முளைத்தபோதும் ஊரில் யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக் கிணறு வற்றியபோதுதான் எனக்கும் அந்தப் பக்கம் நினைவு போனது. ஊருணியில் தண்ணீர் நின்றவரைக்கும் அந்தக் கிணறு வற்றியதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலில் போனது காலம். ஊருணி யாருடையது என்ற கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு பதில் இருந்தது. எங்கள் பாட்டனார்கள் வெட்டியது என்பதால் அது நகரத்தார் சமூகத்துடையது என்றார் ஒருவர். கோயிலுக்கு எதிரில் இருப்பதால் கோயிலுடையது என்றார் இன்னொருவர். நான் அறநிலையத் துறைக்கும் ஊராட்சிக்கும் மாறி மாறி நடந்து ஏறத்தாழ அரையாண்டைக் கழித்தேன். விடை கிராம நிர்வாக அலுவலரிடம் இருந்த அ-பதிவேட்டின், அதாவது எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் கிராமக் கணக்கின், ஒரே வரியில் இருந்தது: புல எண்ணுக்கு எதிரே அரசு புறம்போக்கு, ஊருணி என்று எழுதியிருந்தது. யார் வெட்டியிருந்தாலும், கணக்கில் புறம்போக்கு ஊருணி என்று இருந்தால் பராமரிப்புப் பொறுப்பு ஊராட்சியைச் சேரும். பெரிய கண்மாய்கள், அதாவது 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. கோயில் பெயரில் பதிவான தெப்பக்குளம் மட்டுமே அறநிலையத் துறையைச் சேர்ந்தது. ஆகவே எவரிடமும் மனுக் கொடுப்பதற்கு முன், அ-பதிவேட்டுப் பிரதியையும் புலப்படத்தையும் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் அரசின் இணையச் சேவைப் பக்கத்திலேயே பார்க்கலாம். பழைய ஆவணங்களைத் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முந்தைய காகிதங்களில் இராமநாதபுரம் மாவட்டம் என்றே இருக்கும். செட்டிநாட்டின் புதுக்கோட்டைப் பக்க ஊர்களில், சிவகங்கைப் பக்கம் இருப்பது போன்ற ஜமீன் கணக்கு கிடையாது, புதுக்கோட்டை சமஸ்தானக் கணக்குத்தான்.

பொறுப்பு யாருடையது என்று தெரிந்ததும் கிராமசபையில் தீர்மானம் வாங்கினோம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராமசபை கூடும். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும் என்பதால், தேதியைப் பார்த்துத்தான் மற்ற வேலைகளைத் திட்டமிட வேண்டும். தீர்மானத்தில் "ஊருணியைச் சீரமைக்க" என்று பொதுவாக எழுதச் சொன்னால் ஊராட்சிச் செயலர் அப்படியே எழுதிவிடுவார். புல எண், பரப்பு, செலவை யார் ஏற்கிறார்கள், எடுக்கும் மண் எங்கே போகும், வெட்டும் மரத்தின் பணம் யாருக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பின்னால் வந்த சச்சரவுகளில் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு பக்கத் தீர்மானம்தான். மரம் வெட்டிய பணத்தை நான் எடுத்துக்கொண்டேன் என்று தேநீர்க் கடையில் பேச்சு எழுந்தபோது, அதன் நகலைத்தான் காட்டினேன்.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விறகுக்காகப் பரப்பப்பட்ட இந்த அமெரிக்க மரம் இன்று சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களின் கண்மாய்களை அடைத்து நிற்கிறது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிட்டபோது எங்கள் ஊருணியிலும் வெட்டியிருக்கிறார்கள். ஆனால் தரைமட்டத்தில் வெட்டியிருக்கிறார்கள். தூர், அதாவது வேரோடு உள்ள அடிக்கட்டை, மண்ணுக்குள் இருந்தால் அது பல கிளைகளாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக எழும். நான் வந்து பார்த்த காடு அப்படி எழுந்த காடுதான். ஏலத்தில் மரத்தை எடுத்த கரி வியாபாரிக்குத் தூர் தேவையில்லை, தண்டுதான் தேவை. ஆகவே வேரோடு பிடுங்கித் தர வேண்டும் என்பதை ஏல நிபந்தனையிலேயே எழுதி, அதற்கென ஒரு முன்பணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். எங்கள் ஊராட்சியில் அப்படி எழுதவில்லை. வியாபாரி தண்டுகளை ஏற்றிக்கொண்டு போய்க் கரி மூட்டம் போட்டுவிட்டார். தூர் பிடுங்க நான் தனியாகப் பொக்லைனுக்கு மணிக்கு ஆயிரத்து முந்நூறு ரூபாய் என்று கொடுத்தேன்.

அதைவிட வருத்தம் தந்தது வேறு. ஊருணிக்குள் சீமைக்கருவேலத்தோடு கலந்து நாட்டுக் கருவேலமும் நின்றது. மஞ்சள் உருண்டைப் பூவும், மணி கோத்தாற்போல் இடுங்கிய நெற்றும் உள்ளது நாட்டுக் கருவேலம். சீமைக்கருவேலத்தின் பூ விரல்போல் நீண்ட கதிர். ஊர்க்காரர்களுக்கு இது தெரியும். வெளியூரிலிருந்து வந்த வெட்டு ஆள்களுக்குத் தெரியாது, அல்லது தெரிந்தும் கவலையில்லை. நாட்டுக் கருவேலம் கனமான விறகு, கூடுதல் விலை. எங்களுக்கு மேற்கே, திருப்பத்தூரை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் 1977-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அந்த ஊரார் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நத்தைகொத்தி நாரையும் வக்கா என்னும் இராக்கொக்கும் அந்தக் கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. எங்கள் ஊருணி மரங்களிலும் இரவில் வக்காக்கள் அடைவதை அப்பத்தா காலத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நான் போய்ச் சேருவதற்குள் பெரிய மரங்கள் விழுந்துவிட்டன. மிச்சம் நின்றவற்றில் அன்று மாலையே வெள்ளைச் சுண்ணாம்பை அரைஞாண் கயிறு உயரத்துக்குப் பூசி, "வெள்ளை பூசியதைத் தொட்டால் கூலி கிடையாது" என்று சொன்னேன். அந்தப் பூச்சை வெட்டு தொடங்குவதற்கு முந்தின நாளே பூசிவிட வேண்டும். கூடு இருக்கும் ஐப்பசி முதல் மாசி வரையான மாதங்களில் மரத்தில் கை வைக்கவே கூடாது.

இனி மண் விஷயம். பலரிடம் விலை கேட்டதில் ஒருவர் மட்டும் மற்றவர்கள் சொன்னதில் பாதிக்குச் செய்து தருவதாகச் சொன்னார். ஊர்க் கூட்டம் அவரையே தேர்ந்தெடுத்தது. அதில் எனக்குத் தயக்கம் இருந்தது என்றாலும், ஒப்பந்தத்தில் இரண்டடி ஆழத்துக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். அந்த மாதம் என் அண்ணனுக்கு மதுரையில் இருதய அறுவைச் சிகிச்சை. நான் அவரோடு மருத்துவமனையில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தபோது ஊருணியின் நடுவே ஆறடிக்கும் மேல் ஒரு பள்ளம் இருந்தது. அதன் சுவர் மேலே சாம்பல் நிறமாகவும், இடுப்பளவுக்குக் கீழே செக்கச்செவேல் என்றும் இருந்தது. எங்கள் பகுதியில் வண்டலுக்கும் களிக்கும் அடியில் செம்புறாங்கல்லும் சரளையும் கிடக்கின்றன. வண்டலை விவசாயிகள் இலவசமாகக் கேட்பார்கள்; சரளையை வீடு கட்டுகிறவர்களும் சாலை போடுகிறவர்களும் காசு கொடுத்து வாங்குவார்கள். பாதி விலைக்கு வந்தவர் அந்தச் சரளையைக் கணக்கிட்டுத்தான் வந்திருக்கிறார் என்பது அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் புரிந்தது. கேட்டதற்கு, "ஆழமா இருந்தாத்தானே ஆச்சி நெறையத் தண்ணி நிக்கும்" என்று பதில் சொன்னார். ஊரிலும் பலர் அதையே சொன்னார்கள். ஆழத்தைக் கண்டால் மனிதர்களுக்கு ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

அதே வாரத்தில் வேறொரு அடி விழுந்தது. ஊர் விவசாயிகளின் டிராக்டர்கள் ஊருணி வண்டலை ஏற்றிப் போகும் வழியில் பிடிபட்டன. வாய்மொழியாக எல்லாம் பேசியாகிவிட்டது என்று ஒப்பந்தக்காரர் சொன்னதை அவர்கள் நம்பியிருந்தார்கள். கையில் அனுமதியும், மண்ணை ஏற்றிச் செல்வதற்கான நடைச்சீட்டும் இல்லை. 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகளில் 12-ஆவது விதியின் கீழ் விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் வண்டலும் களிமண்ணும் இலவசமாக எடுக்க வழி உண்டு. ஆனால் அந்த நீர்நிலை மாவட்ட அரசிதழில் வெளியான பட்டியலில் இருக்க வேண்டும். அப்போது மாவட்ட ஆட்சியரின் அனுமதியும் தேவைப்பட்டது. எங்கள் ஊருணி பட்டியலிலேயே இல்லை. வண்டிகள் விடுபடுவதற்குள் நடவுக் காலம் போய்விட்டது. அபராதத்தில் ஒரு பகுதியை நான் கட்டினேன். கட்டியும், சில வீடுகளில் என்னோடு பேச்சு நின்றது நின்றதுதான். 2024-இல் நடைமுறை எளிதாகிவிட்டது. இப்போது இணையவழியில் விண்ணப்பித்து வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. இருந்தாலும் பட்டியலில் உங்கள் நீர்நிலையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், சேர்க்கச் சொல்லி ஊராட்சித் தீர்மானத்துடன் சித்திரைக்கு முன்பே எழுதுங்கள். அனுமதித் தாள் விவசாயியின் கையில் வராமல் ஒரு கூடை மண்ணைக்கூட வெளியேற்ற விடாதீர்கள். சரளையை எடுக்க இந்த இலவச அனுமதி செல்லாது.

அந்த ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தது. ஊருணி பாதிக்கு மேல் நிரம்பியது. ஊரே வந்து பார்த்தது. பேச்சு நின்றுபோன வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். எனக்கு அப்போது இருந்த மகிழ்ச்சியை எழுத வெட்கமாக இருக்கிறது. விடியற்காலையில் எழுந்து டார்ச் விளக்கோடு போய்ப் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மார்கழி முடிவதற்குள் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வரத் தொடங்கின. வெயிலில் ஆவியாகிறது என்று சிலர் சொன்னார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊருணித் தண்ணீரை நிரப்பி, நீருக்கு அருகில் வெயில் படும் படியில் வைத்து, உள்ளே ஒரு கோடு கிழித்தேன். ஊருணிக்குள் ஒரு கம்பை நட்டு அதிலும் கோடு கிழித்தேன். ஆவியாவது என்றால் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைய வேண்டும். வாளியில் ஒரு நாளைக்கு அரை சென்டிமீட்டர்கூடக் குறையவில்லை. கம்பில் நான்கு விரற்கடை இறங்கியது. மீதி எல்லாம் அடியில் போகிறது என்று உறுதியானது. தண்ணீர் நிற்காத ஊருணி எதுவானாலும் முதலில் இந்த வாளிச் சோதனையைச் செய்து பாருங்கள். செலவே கிடையாது, மழை இல்லாத நாள்களில் செய்தால் போதும். பொங்கலுக்கு அடுத்த வாரம் நடுப்பள்ளத்தில் சேறு மட்டும் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் நெடுநாள் அந்தத் தெரு வழியாகவே நான் போகவில்லை. கடைக்கும் சுற்றிக்கொண்டு போனேன். வீட்டில் பேச ஆள் இல்லாதவளுக்கு இது போன்ற தோல்வி இரவில்தான் பெரிதாகத் தெரியும்.

பக்கத்துக் கண்மாயில் ஒரு காலத்தில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் பள்ளத்தில் இறங்கி, சிவப்பு மண்ணைக் காலால் கிளறிவிட்டு, "சட்டியத் தேய்க்கச் சொன்னா அடியவே ஓட்ட போட்டுட்டாங்க ஆச்சி" என்றார். பழைய ஊருணிகளில் வெட்டியவர்கள் களி அடுக்கோடு நிறுத்தியிருப்பார்கள். களி மெலிந்த இடத்தில் வெளியிலிருந்து களிமண் கொண்டுவந்து, நனைத்து, மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டுத் தரையை இறுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் படிகிற மெல்லிய வண்டல் ஆண்டுதோறும் இடுக்குகளை அடைத்துக்கொண்டே வரும். தூர் வாருவது என்றால் அந்த மேல் வண்டலை மட்டும் எடுப்பது. இறுகிய சாம்பல் களி மண்வெட்டியில் ஒட்டத் தொடங்கினால் அத்தோடு கையை எடுத்துவிட வேண்டும். இதை முன்பே அறிந்துகொள்ள எளிய வழி, வேலை தொடங்கும் முன் ஊருணியில் நான்கைந்து இடங்களில் ஓராள் இறங்கும் அளவுக்குச் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது. எந்த ஆழத்தில் எந்த மண் மாறுகிறது என்று அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு இடத்திலும் தோண்டாமல் ஒரு மண் திட்டை விட்டுவைத்தால், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் அளந்துகொள்ளலாம். கடைசித் தவணைப் பணத்தை அந்தத் திட்டுகளை அளந்த பிறகுதான் கொடுக்க வேண்டும். திட்டு உடைக்கப்பட்டிருந்தால் பணம் இல்லை என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அடுத்த கோடையில் மூடும் வேலை தொடங்கியது. இந்த முறை ஊராட்சியின் பெயரில் முறைப்படி அனுமதி பெற்று, அடுத்த கண்மாயிலிருந்து களிமண் எடுத்தோம். கண்மாய் மண் எல்லாமே களி ஆகாது. ஒரு பிடியை நனைத்து உள்ளங்கையில் கயிறுபோல் உருட்டி, வளையமாக வளைத்துப் பார்க்க வேண்டும். வெடிக்காமல் வளைந்தால் எடுக்கலாம், துண்டு துண்டாக உதிர்ந்தால் அந்த இடத்தை விட்டுவிட வேண்டும். இருநூறு யூனிட்டுக்கு மேல் மண் வந்தது. முதலில் நடுப்பள்ளத்தை வெளியே கிடந்த கழிவு மண்ணால் நிரப்பி இறுக்கி, அதன் மேல் களியை அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து மிதிக்க வைத்தோம். உருளை இயந்திரம் ஈரக் களியில் சிக்கிக்கொண்டது. அதனால் அறுவடைக்குப் பின் எங்கள் பக்கம் கிடை போட வரும் கீதாரி (ஆட்டு மந்தைக்காரர்) ஒருவரிடம் பேசி, செம்மறி ஆடுகளை ஊருணிக்குள்ளேயே கிடை மறித்தோம். இரவெல்லாம் நூற்றுக்கணக்கான குளம்புகள் மிதித்தன. காலையில் ஆடுகள் மேய்ச்சலுக்குப் போனதும் அடுத்த அடுக்கைப் பரப்பினோம். ஆட்டுப் புழுக்கையும் களியும் சேர்ந்து மிதிபட்டால் இறுக்கம் கூடும் என்று கீதாரி சொன்னார். அதை நான் பலமுறை கையால் தொட்டுப் பார்த்தேன். காய்ந்த பிறகு கட்டை விரலால் அழுத்தினால் நகத்தின் தடம் மட்டுமே பதிந்தது. கிடைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, உருளை இயந்திர வாடகையைவிடக் குறைவு. மொத்தமாக மூடுவதற்கு மூன்றேகால் லட்சம் ஆனது. இதில் ஒரு ரூபாயைக்கூட முதல் ஒப்பந்தக்காரரிடமிருந்து வாங்க முடியவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த புகாருக்கு இரசீது மட்டும் இருக்கிறது.

தரை சரியானாலும் வரத்து இல்லையே என்பது அப்போதுதான் உறுத்தியது. செட்டிநாட்டு ஊர்களைத் திட்டமிட்டவர்கள் கெட்டிக்காரர்கள். ஓட்டுக் கூரையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெருக் கால்வாய்க்கும், அங்கிருந்து ஊருணிக்கும் மழைநீர் தானாகவே ஓடும்படி தெருக்களுக்குச் சரிவு வைத்திருந்தார்கள். பத்தாயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஒரு தெருவில் எத்தனை வீடுகள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். இன்று அந்தத் தெருக் கால்வாய்களில் கழிப்பறைத் தொட்டிகளின் கழிவு விழுகிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "எல்லாரும் விடுறாங்க, நான் மட்டும் நிறுத்தி என்ன ஆகப்போகுது" என்றார்கள். அதை மாற்ற என்னால் முடியவில்லை. ஆகவே தெருக் கால்வாயை ஊருணிக்குப் போகாமல் திருப்பிவிட்டு, பள்ளிக்கூடம், கோயில், என் வீடு, சம்மதித்த இன்னும் சில வீடுகள் ஆகியவற்றின் கூரை நீரை மட்டும் தனிக் குழாயில் கொண்டுவந்தோம். ஊருணியின் வாயில் மண் படியும் தொட்டி ஒன்று கட்டி, முதல் மழையை வெளியே தள்ளிவிட ஒரு மடையும் வைத்திருக்கிறோம். கழிவு கலக்கிறது என்று தெரிந்தும் வரத்து கிடைத்தால் போதும் என்று விட்டுவிட்ட ஊருணிகளில் ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதை எங்கள் வட்டாரத்திலேயே பார்க்கலாம்.

காட்டுப் பக்கத்திலிருந்து வரும் பழைய வரத்துக்கால் இன்னொரு கதை. கிராம வரைபடத்தில் அது வாய்க்கால் புறம்போக்காக நீண்டு கிடக்கிறது. தரையில் ஒரு வேலியும் ஒரு மாட்டுக்கொட்டகையும் இருக்கின்றன. குறுக்கே போகும் தார்ச்சாலையை ஒவ்வொரு முறையும் பழைய தாருக்கு மேலேயே போட்டு உயர்த்திவிட்டார்கள். அடியில் இருந்த குழாய்ப்பாலம் மண்ணுக்குள் போய்விட்டது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயைக் கொண்டு மட்டம் பார்த்ததில், சாலைக்கு அந்தப் பக்கம் தரை ஒன்றரை அடி உயரமாகத்தான் இருந்தது. வழி மட்டும்தான் அடைபட்டிருந்தது. இந்த அளவை எழுதிக் கொடுத்த பிறகு சாலைக்கு அடியில் புதிய குழாய் கிடைத்தது. ஆக்கிரமிப்புக்குத்தான் இன்னும் முடிவில்லை. முதலில் மனு எழுதித் தந்தவர் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டியிருந்தார். அது அரசுத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரி, கண்மாய்களுக்கானது, ஊராட்சி ஊருணியின் கால்வாய்க்குப் பொருந்தாது என்று மனு திரும்பியது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் கீழ் மறுபடியும் கொடுத்தோம். அதில் முதலில் 7-ஆவது பிரிவில் விளக்கம் கேட்கும் அறிவிப்பும், பிறகு 6-ஆவது பிரிவில் வெளியேற்றும் உத்தரவும் வரும். நிலத்தை அளந்து தரக் கேட்கும் விண்ணப்பத்தைத் தனிநபராகக் கொடுக்காமல் ஊராட்சி கொடுப்பதே நல்லது. பகை ஒருவர் மேல் குவியாது. மாட்டுக்கொட்டகைக்காரர் எனக்கு உறவுமுறையில் மாமா. அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்கு அழைப்பு வரவில்லை.

பணத்தைப் பற்றி ஒன்று. வெளியூர் உறவினர்கள் அனுப்பிய தொகையை என் சொந்தக் கணக்கில் வாங்காமல், ஊராட்சித் தலைவரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் நானும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கில் வாங்கினோம். மாதந்தோறும் வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினேன். என் மேல் கோபமாக இருந்தவர்களும் அதை நின்று படித்தார்கள், யாரும் கிழிக்கவில்லை. அரசின் நமக்கு நாமே திட்டத்தில் ஊரார் தங்கள் பங்கைக் கட்டினால் மீதியை அரசு தரும். வேலை தொடங்கிய பிறகு அதற்கு விண்ணப்பிக்க முடியாது என்பதால், நாங்கள் அந்த வாய்ப்பை இழந்தோம். முதல் ரூபாயைச் செலவழிப்பதற்கு முன்பே வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

2024 மழைக்குப் பிறகு ஊருணியில் சித்திரை வரை தண்ணீர் நின்றது. நிறையவில்லை, கூரை நீர் மட்டும் வருவதால் படித்துறையின் கீழ்ப் பாதிக்குத்தான் வந்தது. ஆனால் வாளியிலும் கம்பிலும் இறங்கிய அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. என் கிணற்றில் ராட்டினக் கயிற்றை மறுபடியும் மாட்டியிருக்கிறேன். சுண்ணாம்பு பூசிய கருவேல மரங்களில் வக்காக்கள் அடைகின்றன. ஆடு மாடுகள் நெற்றைத் தின்று சாணத்தில் போடும் விதையிலிருந்து சீமைக்கருவேலம் இன்னும் முளைத்துக்கொண்டேதான் இருக்கிறது. கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் உயரத்திலேயே கையால் பிடுங்கினால் வேரோடு வந்துவிடும், தை பிறந்துவிட்டால் கடப்பாரை வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுக்கு இரண்டு ரூபாய் கொடுக்கிறேன். அவர்கள் நாட்டுக் கருவேலக் கன்றையும் சேர்த்துக் கட்டி ஏமாற்றப் பார்ப்பதால், வாங்கும்போது கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் காசு தருகிறேன். வரத்துக்கால் வழக்கில் 7-ஆவது பிரிவு அறிவிப்பு போயிருக்கிறது. வரும் ஜமாபந்தியில், அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்த் தீர்வாயத்தில், அடுத்த மனுவைக் கொடுக்க வேண்டும்.